பாம்புக் குட்டி சாப்பிட மறுத்தால்

ஊரில் பாம்பைக் கண்டால் தடி தேடிய எங்களுக்கு, இங்கே பிள்ளைகள் பாம்பு வளர்க்கக் கேட்பது புதினம்தான். என் மகளும் சென்ற ஆண்டு ‘சில்ட்ரன்ஸ் பைதன்’ குட்டியொன்றை வாங்கினாள். இது சிறுவர்களுக்கான பாம்பு என்று பொருளல்ல. பிரித்தானிய நூதனசாலையில் பணியாற்றிய ஜோன் ஜோர்ஜ் சில்ட்ரன் என்பவரைக் கௌரவித்து 1842இல் வைத்த பெயர். நஞ்சற்றது, வளர்ந்தாலும் சுமார் ஒரு மீற்றர்தான். வளர்ப்பதற்கு நியூ சவுத் வேல்ஸில் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

புதுக்குட்டி உண்ண மறுப்பது வழமை. முதற் காரணம் பயம். மற்றது, காட்டில் குட்டிகள் பெரும்பாலும் பல்லி, அரணைகளையே பிடிக்கும். எலி மணம் அவற்றுக்குப் புதிது.

ஆகவே ஒரு வாரம் கையில் எடுக்காதீர்கள். சிறிய பெட்டி, ஒடுங்கிப் படுக்க மறைவிடம், தண்ணீர் போதும். ஒரு பக்கம் சுமார் 32 பாகை சூடு, மறுபக்கம் 25. சூடில்லாமல் இரை செரிக்காது.

பின்னர் இரவில், உறைநிலை நீக்கி வெந்நீரில் சூடாக்கிய எலிக்குஞ்சை இடுக்கியால் நீட்டுங்கள். இரையின் சூட்டை உணரும் குழிகள் அதன் உதட்டோரம் உண்டு. மறுத்தால் எடுத்துவிட்டு 5 முதல் 7 நாள் பொறுங்கள். கண் பால்போல் மங்கினால் தோல் உரிக்கப்போகிறது, அப்போதும் உண்ணாது.

“வாயில் திணிப்போமா அப்பா?” என்று மகள் அழுதாள். திணித்தால் பயம் கூடும், காயமும் வரும். கணக்காளன் என்பதால் திகதியையும் நிறையையும் கொப்பியில் பதியச் சொன்னேன். நிறை பெரிதாகக் குறையவில்லை, பொறுத்தோம். நாலாம் முறை சாப்பிட்டது. உங்கள் குட்டியின் நிறை குறைந்துகொண்டே போனால், ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் உடனே கொண்டுபோங்கள்.