நின்றதால் வென்ற டொயோட்டா



நம்ம ஊர் டாக்ஸி ஸ்டாண்டில் நிற்கும் ஏதாவது ஒரு டிரைவர் அண்ணனிடம் "எந்த வண்டிண்ணே நம்பி எடுக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். "இன்னோவா எடு தம்பி, கண்ணை மூடிக்கிட்டு எடு" என்று சொல்லக்கூடியவர்கள் நிறையப் பேர். அதற்கு முன்னால் வந்த குவாலிஸ் 2000-ல் விற்பனைக்கு வந்து 2005-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் அதைப் பற்றி இன்றைக்கும் செல்லப்பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலப் பேசுகிறார்கள். இரண்டுமே டொயோட்டா வண்டிகள்.

இந்த நல்ல பெயர் எப்படி வந்தது? "ஜப்பான்காரன் சுறுசுறுப்பானவன்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். இயந்திரவியல் படிக்கிற நாம் அப்படிப் போய்விடலாமா? எந்த இயந்திரத்துக்கும் ஒரு தத்துவம் இருப்பது போல, டொயோட்டாவின் பெயருக்கும் ஒரு தத்துவம் இருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், அந்தத் தத்துவம் ஓடுவதைப் பற்றியது அல்ல. நிற்பதைப் பற்றியது!

தறியில் பிறந்த கார்

சாகிச்சி டொயோடா 1867-ல் ஜப்பானின் ஒரு கிராமத்தில் தச்சர் மகனாகப் பிறந்தார். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. அப்பாவிடம் தச்சு வேலை பழகினார். வீட்டில் அம்மா கைத்தறியில் கஷ்டப்பட்டு நெய்வதைப் பார்த்து, "இதை எளிதாக்க முடியாதா?" என்று யோசித்து, 1890-ல் மரத்தால் ஒரு புதிய கைத்தறி செய்தார். அடுத்த ஆண்டே அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

1896-ல் விசைத்தறி செய்தார். அதில்தான் விஷயமே இருக்கிறது. ஊடை நூல் அறுந்தாலோ தீர்ந்தாலோ தறி தானாகவே நின்றுவிடும். பின்னர் மகனோடும் உதவியாளர்களோடும் சேர்ந்து 1924-ல் ஜி டைப் என்னும் தானியங்கித் தறியை முடித்தார். பாவு நூல் ஒன்று அறுந்தாலும் அது நிற்கும். ஊடை நூல் தீரப் போகும்போது, தறியை நிறுத்தாமலேயே நாடாவைத் தானே மாற்றிக்கொள்ளும்.

இதன் அருமை தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். எங்க அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர். இழை அறுந்தது தெரியாமல் தறி ஓடிவிட்டால் துணியில் பழுது விழும், கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அதனால் கண் எப்போதும் தறி மேலேயே இருக்க வேண்டும். சாகிச்சியின் தறியைப் பற்றி அவரிடம் விளக்கிச் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "நூலு அறுந்தா அதுவே நின்னுக்கும்னா, அப்புறம் ஆளு தறிக்குக் காவல் நிக்க வேண்டியதில்லியே" என்றார்.

அதேதான்! இயந்திரமே தன் தவறைக் கண்டு நின்றுவிடுவதால், ஒரே ஆள் முப்பது தறிகளுக்கு மேல் பார்த்துக்கொள்ள முடிந்தது. இந்தத் தத்துவத்துக்கு ஜப்பானிய மொழியில் ஜிடோகா என்று பெயர். 'தானியங்கி' என்ற வழக்கமான சொல்லோடு, மனிதனைக் குறிக்கும் ஒரு குறியையும் சேர்த்து அதை எழுதுகிறார்கள். இயந்திரத்துக்கு மனிதனின் புத்தியைக் கொஞ்சம் கொடுப்பது என்று பொருள்.

1929-ல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற பிளாட் பிரதர்ஸ் கம்பெனி இந்தத் தறியின் உரிமையை 1 லட்சம் பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. விசைத்தறியை உலகுக்குக் கற்றுக்கொடுத்த நாடு, தச்சர் மகனிடம் வந்து தறி உரிமை வாங்கியது!

'டொயோடா' டொயோட்டா ஆன கதை

சாகிச்சி 1930-ல் காலமானார். அவருடைய மகன் கீச்சிரோ டொயோடா இன்ஜினியரிங் படித்தவர். தறிக் கம்பெனிக்குள்ளேயே 1933-ல் ஒரு மோட்டார் பிரிவைத் தொடங்கினார். 1935-ல் ஜி1 லாரியும், 1936-ல் ஏஏ காரும் வந்தன. முதல் லாரிகள் அடிக்கடி வழியில் படுத்துக்கொண்டன. இன்ஜினியர்கள் வண்டி நின்ற இடத்துக்கே ஓடிப் போய்ச் சரிசெய்தார்கள். ஆக, பிறக்கும்போதே யாரும் தரத்தோடு பிறப்பதில்லை.

1936-ல் சின்னம் வடிவமைக்கப் பொதுமக்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். அப்போதுதான் 'டொயோடா' என்ற குடும்பப் பெயர் 'டொயோட்டா' ஆனது. ஜப்பானிய எழுத்தில் எழுதினால் எட்டே கோடுகள். எட்டு அங்கே ராசியான எண். 1937-ல் டொயோட்டா மோட்டார் கம்பெனி தனி நிறுவனம் ஆனது.

போருக்குப் பிறகு நிலைமை மோசமானது. விற்ற வண்டிக்குப் பணம் வரவில்லை, கடன் ஏறியது, கம்பெனி திவாலாகும் நிலைக்குப் போனது. 1950-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள், வேலைநிறுத்தம் நடந்தது. அதற்குப் பொறுப்பேற்றுக் கீச்சிரோ தலைவர் பதவியிலிருந்து விலகினார். அதே மாதம் கொரியப் போர் வெடித்தது. அமெரிக்க ராணுவம் ஆயிரக்கணக்கில் லாரிகள் கேட்டது, கம்பெனி பிழைத்தது. ஆனால் கீச்சிரோ திரும்பிப் பதவிக்கு வரவில்லை. 1952-ல் தம் 57-வது வயதில் இறந்துபோனார்.

கயிற்றை இழு!

இனிதான் நம்ம ஆள் வருகிறார். பெயர் டைச்சி ஓனோ. இவர் பல்கலைக்கழகத்தில் படித்தவர் இல்லை, நகோயாவில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் இயந்திரவியல் படித்தவர். முதலில் டொயோடா குடும்பத்தின் நூற்பு ஆலையில் வேலை பார்த்தார். 1943-ல் கார் கம்பெனிக்கு வந்தார். தறியில் இருந்த 'நிறுத்து' என்ற தத்துவத்தைக் கார் ஆலைக்குக் கொண்டுவந்தவர்களில் இவர்தான் முக்கியமானவர்.

அசெம்பிளி லைனில் ஒவ்வொரு இடத்திலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கயிறு தொங்கும். போல்ட் சரியாக உட்காரவில்லையா? பெயின்டில் கீறலா? எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுக்கலாம். உடனே மேலே உள்ள பலகையில் அந்த இடத்தின் எண் எரியும். அந்தப் பலகைக்கு ஆண்டான் என்று பெயர். குழுத் தலைவர் ஓடி வருவார். வண்டி அடுத்த இடத்துக்குப் போவதற்குள் சரிசெய்துவிட்டால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும். முடியாவிட்டால் லைன் நிற்கும்.

"லைன் நின்றால் நஷ்டம் ஆயிற்றே!" என்பீர்கள். ஆனால் தவறை விட்டுவிட்டால் என்ன ஆகும்? அதன் மேல் அடுத்தடுத்த பாகங்கள் ஏறி மூடிவிடும். கடைசியில் மொத்தமும் கழற்ற வேண்டும். அல்லது வாங்கியவர் தலையில் விடியும்.

இதோடு கான்பான் என்ற அட்டை முறையும் சேர்ந்தது. அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் எடுத்த அளவுக்கு மட்டும் அலமாரியில் சரக்கு நிரப்புவார்கள். அதே போல, பாகம் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவுக்கு மட்டும் அட்டை திரும்பிப் போகும், அவ்வளவு மட்டும் புதிதாகச் செய்வார்கள். இதில் பணம் மிச்சம், இன்னொரு நன்மையும் உண்டு. ஸ்டோரில் ஆயிரம் பாகம் குவிந்து கிடந்தால், கெட்டது ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதை எடுத்துக்கொள்வோம், கோளாறு வெளியே தெரியாது. பத்தே பாகம் இருந்தால், ஒன்று கெட்டாலும் உடனே தெரிந்துவிடும்.

ஐந்து முறை 'ஏன்?'

நிறுத்தினால் மட்டும் போதுமா? மறுபடி வராமல் இருக்கக் காரணத்தைத் தேட வேண்டும். ஐந்து முறை 'ஏன்' என்று கேள் என்பது ஓனோவின் பாடம். நம் பணிமனையை வைத்தே பார்ப்போமே.

டிரில் போட்ட துளை அளவை விடப் பெரிதாகிவிட்டது. ஏன்? டிரில் பிட்டின் இரண்டு வெட்டு விளிம்புகளும் சமமாக இல்லை. ஏன்? கையால் கிரைண்ட் செய்தபோது ஒரு பக்கம் அதிகம் தேய்ந்தது. ஏன் கவனிக்கவில்லை? கேஜ் வைத்துப் பார்க்கவில்லை. ஏன்? கேஜ் ஸ்டோரில் பூட்டிக் கிடக்கிறது. ஏன் கேட்டு வாங்கவில்லை? தொலைந்தால் ஃபைன் கட்ட வேண்டுமே என்ற பயம்!

பார்த்தீர்களா? முதல் கேள்வியோடு நின்றிருந்தால் "பையன் சரியில்லை" என்று முடிந்திருக்கும். ஐந்தாவது கேள்வியில் பயம் வெளியே வருகிறது.

பட்ட அடியும் பெற்ற பெயரும்

1958-ல் டொயோட்டா தன் கிரவுன் காரை அமெரிக்காவில் விற்க ஆரம்பித்தது. ஜப்பானின் மேடு பள்ள ரோட்டுக்குச் செய்த வண்டி, அமெரிக்க நெடுஞ்சாலையில் வேகம் எடுக்கத் திணறியது, அதிர்ந்தது. 1960-ல் டொயோட்டா அந்த ஏற்றுமதியை நிறுத்திக்கொண்டது. இங்கேயும் நிறுத்தம்தான்! பிறகு அந்த ரோட்டுக்கு ஏற்ற கொரோனா காரோடு 1965-ல் திரும்பி வந்தது. தரத்துக்கான டெமிங் பரிசும் அதே ஆண்டு கிடைத்தது. 1966-ல் வந்த கொரோலா, 2021-க்குள் 5 கோடிக்கு மேல் விற்றுவிட்டது.

இந்த முறை ஜப்பானியருக்கு மட்டும்தான் வருமா? அதற்கும் பதில் உண்டு. கலிபோர்னியாவின் ஃபிரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று, தகராறும் தரக்குறைவும் பெருகி 1982-ல் மூடப்பட்டது. 1984-ல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து திறந்தார்கள். பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்கள்தான். கையில் கயிறு வந்தது, அங்கே செய்த கார் தரத்தில் பெயர் வாங்கியது. ஆட்கள் மாறவில்லை, அவர்களை நடத்திய முறை மாறியது.

நிறுத்தத் தவறியபோது...

புகழ் மட்டும் பாடிவிட்டுப் போனால் இது விளம்பரம் ஆகிவிடும். 2008-ல் டொயோட்டா உலகின் முதலிடத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டே அடி விழுந்தது. தரை விரிப்பில் ஆக்சிலரேட்டர் சிக்கிக் கார் நிற்காமல் ஓடியதாலும், பெடல் ஒட்டிக்கொண்டதாலும், லட்சக்கணக்கான வண்டிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. உயிர்களும் போயின. கீச்சிரோவின் பேரன் அக்கியோ டொயோடா 2010 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் அமர்ந்து, அளவுக்கு மீறிய வேகத்தில் வளர்ந்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். வாடிக்கையாளரிடம் உண்மையை மறைத்ததற்காக 2014-ல் 120 கோடி டாலர் அபராதம் கட்டியது கம்பெனி.

2023 டிசம்பரில் அதன் துணை நிறுவனமான டைஹாட்சு, பாதுகாப்புச் சோதனைகளில் பல ஆண்டுகளாக முறைகேடு செய்தது வெளியானது. கெடு தேதி நெருக்கியது, முடியாது என்று சொல்ல ஊழியர்களால் முடியவில்லை என்றது விசாரணைக் குழு. 2024 ஜனவரியில் டீசல் எஞ்சின் சோதனை முறைகேட்டால், இந்தியாவில் இன்னோவா கிரிஸ்டாவை அனுப்புவதைக்கூடச் சில நாள் நிறுத்திவைத்தார்கள். அந்த எஞ்சினைச் செய்த நிறுவனம் எது தெரியுமா? சாகிச்சியின் அதே பழைய தறிக் கம்பெனி! நூல் அறுந்தால் நிற்க வேண்டும் என்று உலகுக்குச் சொன்ன இடத்திலேயே நூல் அறுந்தது தெரியாமல் தறி ஓடியிருக்கிறது.

பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் உள்ள ஆலையிலும், 2020 நவம்பரில் வேலைப்பளு அதிகம் என்று தொழிலாளர்கள் போராடிக் கதவடைப்பு வரை போனது. கயிறு தொங்கினால் மட்டும் போதாது, இழுப்பவனுக்குத் தைரியமும் மூச்சுவிட நேரமும் வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும், 2020 முதல் 2024 வரை உலகில் அதிக வண்டி விற்றது டொயோட்டா குழுமம்தான். நூறாண்டில் சேர்த்த பெயர் அவ்வளவு சீக்கிரம் கரைந்துவிடவில்லை.

நமக்கு என்ன?

நண்பர்களே! லேபில் ரீடிங் சரியாக வராவிட்டால், பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து 'சரியான' ரீடிங்கை எழுதிவிடும் பழக்கம் மாணவர்களிடையே உண்டு. டைஹாட்சுவில் நடந்ததும் அதுதான், அளவுதான் பெரிது. ரீடிங் ஏன் வரவில்லை என்று கேட்பவன்தான் அன்றைக்கு எதையாவது கற்றுக்கொள்கிறான்.

நாளை நாம் டிரெய்னியாக, அப்ரண்டிஸாகப் போவோம். தவறைப் பார்த்தும் "நமக்கெதுக்கு வம்பு, வேலை போயிடும்" என்று வாயை மூடிக்கொள்ளத் தோன்றும். வீட்டில் முதல்முதலாகப் படித்து வேலைக்குப் போகிறவனுக்கு அந்தப் பயம் இரண்டு மடங்கு. அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சில ஆண்டு கழித்து நம்மில் பலர் சூப்பர்வைசர் ஆவோம். அப்போது ஒரு பையன் நடுங்கிக்கொண்டே வந்து, "சார், இது சரியா உட்காரல, லைனை நிறுத்தலாமா?" என்று கேட்பான்.

அவனைத் திட்டாமல் "நிறுத்துப்பா, பார்க்கலாம்" என்று சொன்னால், தச்சர் மகன் சாகிச்சியின் பாடத்தை நாமும் படித்துத் தேறியவர்கள் ஆவோம்.

– இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை