விளக்குக்குள் உடைந்த கொக்குவில்

அம்மாவின் 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டியிருந்தது. அட்டையைத் தான் செய்து தாறன் எண்டாள் அக்காவின் மகள். இங்கே பிறந்தவள், டிசைன் படித்தவள். அம்மம்மா பிறந்த ஊர், படிப்பித்த பள்ளிக்கூடங்கள், பிள்ளைகளின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு குத்துவிளக்கு உருவத்துக்குள் எழுத்தாலேயே நிரப்பியிருந்தாள். தூரத்தில் பார்த்தால் விளக்கு. கிட்டப் போனால் வாசிக்கலாம்.

வாசிக்கத்தான் முடியவில்லை. 'கொக்குவில்' முதல் எழுத்திலேயே உடைந்திருந்தது. ககரம் தனியாக நிற்க, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் கிடந்தன. "வடிவாத்தானே இருக்கு மாமா?" என்றாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஊரை உடைச்சுப்போட்டியளே" என்றார்.

அவளில் பிழை இல்லை. 'கொ' நமக்கு ஓரெழுத்து. யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி என்றுதான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் வேலை. இல்லஸ்ட்ரேட்டரில் பந்தி அமைப்புக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை எடுக்காவிட்டால் இப்படி ஆகிவிடும். பாமினியில் தட்டிய காலத்தில் கொம்பை நாமே முதலில் தட்டினோம், இந்தச் சிக்கல் வரவில்லை. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பை!

தெரிவை மாற்றியதும் கொம்பு இடத்துக்கு வந்தது. அடுத்தது சுடர். அதற்குள் அம்மாவின் பெயரை இழுத்து வளைத்திருந்தாள். ஆங்கில எழுத்தை நசுக்கினாலும் ஓரளவு வாசிக்கலாம். நமக்கோ ன, ண இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சுழிதான். நுனியில் நசுங்கினால் அது மூடிக்கொள்ளும். புள்ளி கரைந்தால் 'ல்' 'ல' ஆகிவிடும். பெயரை வளைக்காமல் விளக்குக்குக் கீழே நேராக வைத்தோம். தண்டு ஒடுக்கம், நீளமான சொற்கள் அதற்குள் கண்டபடி முறிந்தன. கையாலேயே குட்டைச் சொற்களாகப் பொறுக்கிப் போட்டோம்: அம்மா, ரீச்சர், ஊர்.

அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றச் சொல்வார்கள். மாற்றியபின் அது எழுத்தல்ல, படம். உடைந்தது உடைந்தபடியே அச்சாகும். திருவிழா நோட்டீஸ், ரீசேர்ட், கடைப் பலகை என்று எத்தனை உடைந்த தமிழை இங்கே பார்த்திருப்பீர்கள்! மென்பொருள் தெரிந்த பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த நாங்கள் அச்சான பிறகுதான் பார்க்கிறோம், பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் குறை சொல்கிறோம். கோட்டுருவாக மாற்றுவதற்கு முன்னால் ஒரு அரைமணி நேரம் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருக்கலாம்தானே.

அன்றிரவு நான் அப்படித்தான் இருந்தேன்.

"மாமா, இந்தக் கொம்பு எந்த எழுத்துக்கு?"

"வலப்பக்கம் நிக்கிற எழுத்துக்கு."

அவள் திரையைப் பெரிதாக்கி, அடுத்த கொம்பைத் தேடினாள்.