பதினொரு இலக்க வேகன்!

உங்களில் எத்தனை பேர் கூட்ஸ் வண்டியைப் பார்த்ததும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெட்டிகளை எண்ணியிருக்கிறீர்கள்? எல்லோருமே எண்ணியிருப்பீர்கள்! ஆனால், அந்தப் பெட்டிகளின் மேல் எழுதியிருப்பதை எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்?

பெரம்பலூர்ப் பிள்ளைகளுக்கு அதற்குக் கூட வாய்ப்பு குறைவு. பெரம்பலூரில் ரயில் பாதை கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏறி அரியலூருக்குத்தான் வர வேண்டும். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குச் செல்லும் 'கார்டு லைன்' என்ற குறுக்குப் பாதையில் அரியலூர் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி கடலாக இருந்தது. அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமென்ட் ஆகிறது. அரியலூரில் அரசு சிமென்ட் ஆலை 1979இல் தொடங்கியது. பிறகு தனியார் ஆலைகளும் வந்தன. அதனால் இங்கே பயணிகள் ரயில் மட்டுமல்ல, கூட்ஸ் ரயிலையும் பார்க்கலாம்.

நான் பள்ளி ஆசிரியராக இருந்தபோது ஒருமுறை மாணவர்களை அரியலூர் ரயில் நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். நடைமேடையில் நின்று பார்த்தோம். மேலே திறந்த, செங்காவி நிற வேகன்கள் வரிசையாக நின்றன. "ஆளுக்கு ஒரு வேகனைப் பார்த்துக் குறிப்பு எடுங்கள். பள்ளிக் கண்காட்சிக்கு அட்டையில் செய்வோம்" என்றேன்.

ஒரு மாணவியும் ஒரு மாணவனும் ஒரே வேகனைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். இருவரும் எழுதிய எண்ணில் ஓர் இலக்கம் மட்டும் வேறு. அவள் 1 என்று எழுதியிருந்தாள், அவன் 7 என்று எழுதியிருந்தான். போய்ப் பார்க்கலாம் என்றால் வண்டி அன்றைக்கே கிளம்பிவிட்டது!

அவன் வகுப்பில் முதல் மாணவன். அவள் பேசவே தயங்குபவள். நான் யோசிக்கவே இல்லை. "நீ சரியாப் பார்க்கலம்மா. 7ன்னு மாத்திடு" என்றேன். "இல்ல சார், அது ஒண்ணுதான் சார்" என்றாள் மெல்லிய குரலில். நான் கேட்கவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, காய்ந்த வெள்ளை எழுத்தின் மேல் காவி வண்ணம் பூசி, 7 என்று மாற்றி எழுதினாள்.

யார் எழுதியது சரி? பிறகு சொல்கிறேன். அதற்குமுன் அந்த வேகனை எப்படிச் செய்தோம் என்று பாருங்கள்.

மீட்டரைச் சென்டிமீட்டராக்கு!

மாதிரி செய்வதில் முதல் பாடம் அளவு. உண்மையான வேகனை எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். நாங்கள் 50 மடங்கு சுருக்கினோம். கணக்கு எளிது. 1 மீட்டருக்கு 2 சென்டிமீட்டர்.

மேலே திறந்த இந்த வேகனுக்கு 'பி.ஓ.எக்ஸ்.என்.' என்று பெயர். இணைப்புக் கொக்கிகளோடு சேர்த்து அதன் நீளம் ஏறத்தாழ 10.7 மீட்டர். நம் மாதிரியில் 21.4 செ.மீ. தண்டவாளத்திலிருந்து உயரம் சுமார் 3.2 மீட்டர், அதாவது 6.4 செ.மீ. சக்கரத்தின் விட்டம் 1 மீட்டர். நமக்கு 2 செ.மீ.

கெட்டி அட்டையில் 19.6 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 4 செ.மீ. உயரத்தில் மூடியில்லாத பெட்டி ஒன்று செய்யுங்கள். அடியில் இரண்டு 'போகி'கள் வரும். போகி என்றால் சக்கரங்களைத் தாங்கும் சட்டம். ஒவ்வொன்றிலும் 4 சக்கரங்கள், மொத்தம் 8. இரண்டு போகிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 13 செ.மீ. தூரம் இருக்கட்டும். பக்கச் சுவரில் செங்குத்தாக நிற்கும் இரும்புப் பட்டைகளுக்கு மெல்லிய அட்டைக் கீற்றுகளை ஒட்டுங்கள். எத்தனை பட்டை, கதவு எங்கே என்பதையெல்லாம் உண்மை வேகனைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மனதில் இருந்து ஒட்டினால் அது வேகன் ஆகாது, வெறும் டப்பாதான்!

பிளேடு பிடிக்கும் வேலையை அப்பாவிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிடுங்கள்.

கடைகளில் விற்கும் மாதிரி ரயில்களில் 'ஹெச்.ஓ.' என்ற அளவு உலகம் முழுக்கப் பிரபலம். அதில் 87 மடங்கு சுருக்கம். ஆனால் அதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். வெளிநாடுகளில் பரவலாக உள்ள 1.435 மீட்டர் பாதைக்கு அது பொருந்தும். நம் அகலப் பாதையோ 1.676 மீட்டர். 87ஆல் வகுத்துப் பாருங்கள். 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். அதனால் நம் ஊர் இன்ஜினை அந்தத் தண்டவாளத்தில் ஓட்டினால், சக்கரங்கள் கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் இருக்கும்.

வண்ணமும் எழுத்தும்

செங்காவி நிறத்துக்குச் சிவப்போடு கொஞ்சம் பழுப்பு கலந்தால் போதும். ஒரே பூச்சாகக் கெட்டியாகப் பூசாதீர்கள். மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்ததும் மறுபூச்சு.

அடுத்து எழுத்து. ரயில்வேயில் ஸ்டென்சில் தகடு வைத்து எழுதுவார்கள். நமக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் போதும். அதில் எழுத்தை வெட்டி எடுத்து, பெட்டியின் மேல் அழுத்திப் பிடித்து, ஸ்பாஞ்சில் வெள்ளை வண்ணத்தைத் தொட்டு ஒற்றி எடுங்கள். வண்ணத்தில் தண்ணீர் அதிகமானால் ஃபிலிமுக்கு அடியில் புகுந்து எழுத்து ஊறிவிடும். ஜாக்கிரதை!

கடைசியாக அழுக்கு. ஆமாம், அழுக்கேதான்! வேலை செய்யும் வேகன் புதுப் பானை மாதிரி பளபளக்காது. கறுப்பு வண்ணத்தை நீர்த்துப் போகக் கரைத்து மூலைகளில் தடவினால் நிலக்கரித் தூசி. சாம்பல் நிறம் தடவினால் சிமென்ட் தூசி. எண்ணின் மேல் மட்டும் தடவ வேண்டாம். அது படிக்கும்படி இருக்க வேண்டும்.

வேகன் என்ன பேசுகிறது?

வேகனில் எழுதியிருப்பது அலங்காரம் அல்ல. 'பி.ஓ.எக்ஸ்.என்.' என்பதில் 'பி' என்றால் போகி, 'ஓ' என்றால் மேலே திறந்தது, 'என்' என்றால் காற்று பிரேக் உள்ளது. 'பி.சி.என்.' என்று இருந்தால் 'சி' மூடிய வேகனைக் குறிக்கும். மழையில் நனையக்கூடாத சிமென்ட் மூட்டை அதில்தான் போகும். 'பி.டி.பி.என்.' என்றால் பெட்ரோலியம் ஏற்றும் டேங்கர்.

வேகனின் வெற்று எடையும், ஏற்றக்கூடிய சுமையும் எழுதியிருக்கும். ஒரு பி.ஓ.எக்ஸ்.என். வேகன் தொடக்கத்தில் சுமார் 58 டன் ஏற்றும்படி அமைக்கப்பட்டது. நீங்கள் 40 கிலோ இருந்தால், உங்களைப் போல 1,450 பேர்!

இன்னொன்றும் இருக்கும். வேகன் கடைசியாக எந்தப் பணிமனையில் முழுப் பராமரிப்பு பெற்றது, மறுபடி எப்போது போக வேண்டும் என்ற தேதிகள். 'ஜி.ஓ.சி.' என்று பார்த்தால் அது நம் திருச்சி பொன்மலைப் பணிமனை. நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி இன்ஜின்களைக் கட்டிக் கொடுத்ததும் அதே பணிமனைதான். குறித்த தேதியில் பராமரிப்புக்குப் போகாத வேகன் ஆபத்தானது. அதனால்தான் தேதியை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதுகிறார்கள்.

ரயில்வேயில் ஒரு வண்ணக் கோடு கூட உயிர் காக்கும். 1956 நவம்பர் 23 அன்று அதிகாலை, அரியலூர் அருகே மருதையாற்றில் வெள்ளம் பெருகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ரயில் பாலத்தில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி, பொறுப்பேற்றுப் பதவி விலகினார். இன்று ரயில் பாலங்களில் அபாய நீர்மட்டத்தைக் காட்டச் சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள். தண்ணீர் அதைத் தொட்டால் எச்சரிக்கை! மாதிரிப் பாலம் செய்கிறவர்கள் அந்தச் சிவப்புப் பட்டையையும் மறக்காமல் தீட்ட வேண்டும்.

1ஆ, 7ஆ?

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். வேகன் எண்ணில் 11 இலக்கங்கள். முதல் இரண்டு வேகனின் வகை. அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது. தெற்கு ரயில்வேக்கு 06. அடுத்த இரண்டு செய்த ஆண்டு. அதற்கடுத்த நான்கு வேகனின் சொந்த எண். பதினொன்றாவது இலக்கம் மட்டும் காவல்காரன். அதற்குச் சோதனை இலக்கம் என்று பெயர்.

எங்கள் கண்காட்சிக்கு ஒரு மாணவனின் தாத்தா வந்திருந்தார். ரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வேகன்களையும் பார்த்தார். அழித்து எழுதிய 7 அவர் கண்ணில் பட்டுவிட்டது. "இது ஏன் மாத்தியிருக்கு?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "வேகன் போனா என்ன சார்? எண்ணே சொல்லுமே!" என்று ஒரு தாள் கேட்டார்.

அந்த எண் இன்று எனக்கு நினைவில்லை. அதேபோல் ஓர் எண்ணை வைத்துக் காட்டுகிறேன். மாணவி எழுதியது 10060912342 என்று கொள்வோம்.

முதலில் 2, 4, 6, 8, 10ஆம் இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுங்கள். 0 + 6 + 9 + 2 + 4 = 21. அதை 3ஆல் பெருக்குங்கள். 63.
பிறகு 1, 3, 5, 7, 9ஆம் இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுங்கள். 1 + 0 + 0 + 1 + 3 = 5.
இரண்டையும் கூட்டினால் 68. அடுத்து வரும் முழுப் பத்து 70. அதை எட்ட இன்னும் 2 வேண்டும். கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 2! எண் சரி.

இப்போது ஏழாம் இடத்தில் இருக்கும் 1ஐ 7 ஆக்குங்கள். கூட்டுத்தொகை 74 ஆகும். 80ஐ எட்ட 6 வேண்டும். ஆனால் கடைசியில் இருப்பது 2. எண் தவறு!

தாத்தா பேனாவை மூடினார். "பாப்பா எழுதினதுதான் சரி. மேலே கரி ஒட்டியிருந்தா 1 கூட 7 மாதிரி தெரியும். ஆனா ஒரு இலக்கம் தப்பினா, அது வேற வேகன் சார். நம்ம சரக்கு ஒரு ஊர்ல நிக்கும், நாம இன்னொரு ஊர்ல தேடுவோம்" என்றார்.

எனக்குத் தலை குனிந்துவிட்டது. நான் எண்ணைச் சோதிக்கவில்லை. யார் முதல் மாணவன் என்று மட்டும் பார்த்தேன். மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அந்த மாணவியிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த மாணவன் என்ன செய்தான் தெரியுமா? அவனாகவே ஸ்டென்சிலை எடுத்து வந்து, இரண்டு வேகன்களிலும் 1 என்று எழுதிக் கொடுத்தான். அன்றைக்குத்தான் அவள் வகுப்பில் சத்தமாகச் சிரித்தாள்.

வீட்டில் பிஸ்கட் பாக்கெட் இருக்கிறதா? பார்கோடுக்குக் கீழே 13 இலக்கங்கள் இருக்கும். அதிலும் இதே கணக்குதான். முதல் 12 இலக்கங்களில் இரட்டை இட எண்களின் கூட்டுத்தொகையை 3ஆல் பெருக்கி, ஒற்றை இட எண்களையும் கூட்டிப் பாருங்கள். பதின்மூன்றாவது இலக்கம் தானாக வரும்!

இன்ஜின் வேண்டாமா?

வேகன் செய்து பழகியபின் இன்ஜினுக்குப் போகலாம். 'டபிள்யூ.ஏ.ஜி.-9' என்ற பெயரில் 'டபிள்யூ' அகலப் பாதை, 'ஏ' மாறுதிசை மின்சாரம், 'ஜி' கூட்ஸ். இரண்டாம் எழுத்து 'டி' என்றால் டீசல், மூன்றாம் எழுத்து 'பி' என்றால் பயணிகள் ரயில். உங்கள் தாத்தா காலத்து மீட்டர் பாதை நீராவி இன்ஜின்களின் பெயர் 'ஒய்' என்று தொடங்கும். 'ஒய்.பி.' பயணிகளுக்கு, 'ஒய்.ஜி.' சரக்குக்கு. டபிள்யூ.ஏ.ஜி.-9 இன்ஜினின் நீளம் ஏறத்தாழ 20.5 மீட்டர். நம் அளவில் எத்தனை செ.மீ.? நீங்களே சொல்லுங்கள்!

திருச்சியிலும் சென்னை ஐ.சி.எஃப். அருகிலும் ரயில் அருங்காட்சியகங்கள் உள்ளன. பழைய இன்ஜின்களைப் பக்கத்தில் நின்று பார்த்து அளவு குறிக்கலாம். புனேயில், ஜோஷி என்பவர் தம் சிறு வயது ஆசையை விடாமல் வளர்த்து உருவாக்கிய குட்டி ரயில் அருங்காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது. அங்கே ஒரு குட்டி நகரமே இருக்கிறது. அதற்குள் ரயில்கள் ஓடுகின்றன!

ஒரு கண்டிப்பான வார்த்தை. எண் குறிக்க வேண்டும் என்று தண்டவாளத்தில் இறங்கவோ, நிற்கும் வேகனுக்கு அருகில் போகவோ கூடாது. பெரியவர்களோடு, நடைமேடையில் நின்று மட்டும் பாருங்கள்.

அடுத்த முறை கூட்ஸ் வண்டி நின்றால், பெட்டிகளை எண்ணுவதோடு விட்டுவிடாமல் ஒரே ஒரு வேகன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். பத்தாம் இலக்கம் வரை சரியாகக் குறித்திருந்தால், பதினொன்றாவதை வேகன் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவீர்கள்!