எண்ணிப் பார்த்தால் தெரியும்!



சென்ற விடுமுறையில் பசுவந்தனை வீட்டில் வேப்பமரத்துச் சருகைக் கூட்டிக் குவித்தபோது, செம்மஞ்சள் நிறத்தில் கடுகளவு பூச்சி ஒன்று ஓடியது. "ஏய்யா, சின்னதுக்குத்தாம் வெசம் சாஸ்தி. குப்பைல தீய வையி" என்றாள் அம்மா. என்னவென்றே தெரியாமல் எப்படிக் கொளுத்துவது? சருகைச் சல்லடையில் அள்ளி, வெள்ளை வேட்டி மேல் சலித்தேன். நிறத்தை நம்பக் கூடாது. எண்ணிக்கையைத்தான் நம்ப வேண்டும்.

முதலில் கால். ஆறு என்றால் பூச்சி. எட்டு என்றால் சிலந்தி வகையறா.

அடுத்து இடுப்பு. மழை பெய்ததும் கரிசலில் ஊருமே, சிவப்புத் தம்பலப்பூச்சி, அதற்கும் எட்டுக் கால்தான். ஆனால் உடல் ஒரே உருண்டை. அது உண்ணிக்குச் சொந்தம். சிலந்திக்கு உடல் இரண்டு பகுதி, நடுவில் மெல்லிய இடுப்பு.

மூன்றாவது அளவு. வெர்னியரில் பிடித்தால் நசுங்கிவிடும். நம்ம கிராப் தாள் போதும். சிறு கட்டம் 1 மி.மீ. என் சிலந்தி இரண்டு கட்டத்தைத் தாண்டவில்லை.

நான்காவது கண். பெரும்பாலான சிலந்திகளுக்கு எட்டுக் கண்கள். தாவிப் பிடிக்கும் சிலந்திக்கு அவற்றில் முன்னிரண்டும் லாரி விளக்குப் போலப் பெரியவை. இதற்கு ஆறா, எட்டா? பத்து மடங்கு லென்ஸிலும் எனக்குப் பிடிபடவில்லை. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிப் பழகிய அம்மா லென்ஸை வாங்கிப் பார்த்தாள். "ஆறுதாம்யா!"

ஆறு கண், வயிற்றின் மேல் ஓடு போன்ற கெட்டித் தகடு, 2 மி.மீ. உடல். மூன்றும் சேர்ந்தால் அநேகமாக ஊனோபிடே குடும்பம். 'கோப்ளின் சிலந்தி' என்பார்கள். பெரும்பாலும் 1 முதல் 3 மி.மீ. வரைதான் இருக்கும். மனிதருக்கு ஆபத்தில்லாதது.

குடும்பம் வரைதான் நாம் சொல்லலாம். வளர்ந்த ஆணுக்கு வாயருகே உள்ள குட்டைக் கைகளின் நுனி புடைத்திருக்கும். அந்தப் புடைப்பின் வடிவம் போன்றவற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் இனத்தைப் பிரிக்கிறார்கள். குஞ்சை வைத்து இனம் சொல்வது நிபுணர்களுக்கே கஷ்டம்.

பிரெஞ்சுக்காரர் யூஜின் சிமோன் 1893-லேயே இலங்கையின் இச்சிலந்திகளை விவரித்திருக்கிறார். 2006-ல் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நார்மன் பிளாட்னிக் தலைமையில் உலகளாவிய ஆய்வு தொடங்கியபோது, தெரிந்தவை சுமார் 500 இனங்களே. இன்று 1,800-ஐத் தாண்டிவிட்டன. அவற்றில் பலவும் இப்படிச் சலித்துக் கண்டவை!

எங்கள் வீட்டுக் குப்பை எரியவில்லை. உரமாகக் காட்டுக்குப் போயிற்று. பள்ளிக்கூடமே போகாத அம்மா எண்ணியதை, பாலிடெக்னிக் படிக்கும் நாம் எண்ண முடியாதா? கொளுத்தும் முன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள், நண்பர்களே!