மழையில் மட்டும் கறுக்கும் பம்பர்

மே மாத வெயிலில் தெருவோரம் நிற்கும் என் 2003 மாடல் மாருதி 800-ஐத் தூரத்திலிருந்து பார்ப்பவர்கள், முன் பம்பரில் யாரோ கோலமாவைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். கிட்டே வந்து விரலால் தேய்த்தால் மாவு மாதிரியே கொஞ்சம் ஒட்டவும் செய்யும். அதே வண்டி ஒரு மழையில் நனையட்டும். பம்பர், பக்கக் கண்ணாடிக் கூடு, வைப்பருக்கு அடியில் ஓடும் பட்டை எல்லாம் புது வண்டிக் கறுப்புக்குத் திரும்பிவிடும். மழை விட்டு அரை மணி நேரம் ஆனால் மறுபடி சாம்பல் பூத்துவிடும்.

இந்த அரை மணி நேரக் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், கார் கடைகளில் அடுக்கியிருக்கும் அத்தனை பாட்டில்களின் குட்டும் வெளிப்பட்டுவிடும். எனக்கு அது தெரிவதற்குள் இரண்டு வருடமும் ஒரு பம்பர் மூலையும் போய்விட்டன.

வெளுப்பை முதலில் அழுக்கு என்றே நினைத்தேன். ஷாம்பு போட்டுத் தேய்த்தேன், பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். காய்ந்ததும் அதே வெளுப்பு. ஒருநாள் நம்பர் பிளேட்டைக் கழற்றியபோதுதான் விஷயம் பிடிபட்டது. பிளேட் மறைத்திருந்த இடத்தில் நீள்சதுரமாக ஒரு கறுப்பு. அவ்வளவு கறுப்பாகத்தான் அந்தப் பம்பர் ஒரு காலத்தில் இருந்தது என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. பிளேட்டின் பின்னால் புழுதி அப்பியிருந்தது, சேறு காய்ந்திருந்தது. ஆனாலும் கறுப்பு அப்படியே இருந்தது. ஆக, பிளாஸ்டிக்கை வெளுக்க வைத்தது அழுக்கல்ல, வெயில்.

பெயிண்ட் அடிக்காத கறுப்புப் பம்பர்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். மொட்டைமாடியில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியும் அதே சரக்குதான். சில வருடத்தில் வெளிறி, உட்கார்ந்தால் வேட்டியில் வெள்ளையாக ஒட்டிக்கொள்கிறதே, அதே வியாதி. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர், பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறு இழைகளை மேற்பரப்பில் துண்டு துண்டாக அறுக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் கூடச் சேர்ந்துகொள்கிறது. இதைத் தடுக்கத்தான் தயாரிக்கும்போதே கரித்தூளைக் கலக்கிறார்கள். அது கதிரை உறிஞ்சி உட்பகுதியைக் காப்பாற்றிவிடும், மேல்தோலைக் காப்பாற்றாது. தோல் நுணுக்கமாக வெடித்து, உள்ளே கலந்திருக்கும் டால்க் போன்ற நிரப்புத்தூள் வெளியே தலைகாட்டுகிறது. கரடுமுரடான அந்தப் பரப்பில் படும் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுவதால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் பட்டால் வெடிப்புகள் நிரம்பி, பரப்பு சமமாகி, அடியிலிருக்கும் கறுப்பு தெரியும். தண்ணீர் காய்ந்தால் கறுப்பும் போச்சு.

பழைய அம்பாசிடர் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அதன் பம்பர் குரோம் பூசிய இரும்பு, துருப்பிடிக்கும், வெளுக்காது.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். எங்கள் தெருவில் ஆளுக்கொரு கைமருந்து சொன்னார்கள். தேங்காய் எண்ணெய், டீசல், கறுப்பு பூட் பாலிஷ். எண்ணெய் தேய்த்த அன்று சாயங்காலம் வண்டி மாப்பிள்ளை மாதிரி நின்றது. மூன்றாம் நாள் தெருப்புழுதி முழுக்க பம்பரில் குடியேறிவிட்டது. கடையில் வாங்கும் பளபள டிரஸ்ஸிங்கும் இதற்கு அக்கா தங்கைதான். அதிலிருப்பது சிலிக்கோன் எண்ணெய். தண்ணீர் அரை மணி நேரம் செய்த வேலையை அது சில வாரம் செய்யும், அவ்வளவே. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புரோக்கர் காட்டும் வண்டியின் பம்பர் ஈரம் சொட்டுவதுபோல் மின்னினால், விரலால் ஒரு இழு இழுத்துப் பாருங்கள். விரல் வழவழத்தால் அது அன்று காலையில் போட்ட மேக்கப்.

அடுத்தது ஹீட் கன். இணையத்தில் இந்த வீடியோக்களைப் பார்த்தால் யாருக்கும் கை அரிக்கும். சூடான காற்றைக் காட்டிக்கொண்டே போக, சாம்பல் பரப்பு கோடு போட்டாற்போல் கறுப்பாகிக்கொண்டே வரும். அதில் பொய்யில்லை. செத்த மேல்தோல் லேசாக உருகி, வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. ஆனால் பாலிபுரொப்பிலீன் உருகுவது 160 டிகிரி செல்சியஸை ஒட்டி. ஹீட் கன்னின் காற்று 300-ஐச் சாதாரணமாகத் தாண்டும். கை ஓடிக்கொண்டே இருக்கும்வரை பிரச்சினையில்லை. பக்கத்து வீட்டுக்காரர் "என்ன சார், வண்டிக்கு இஸ்திரி போடுறீங்களா?" என்று கேட்க, நான் திரும்பிப் பதில் சொன்ன நேரம் அதிகபட்சம் ஐந்து விநாடி இருக்கும். இடது மூலை அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. பிளாஸ்டிக்கின் சொரசொரப்பும் அந்த இடத்தில் மழுங்கிப் போனது. எல்லாம் சரியாகச் செய்தாலும் இது நிரந்தரமில்லை, மறுபடி வெளுக்கும். ஒவ்வொரு முறையும் உருக்க மீதியிருக்கும் நல்ல தோல் குறைந்துகொண்டே வரும். பெயிண்ட் அடித்த பாகம், ஹெட்லைட், ரப்பர் பீடிங் பக்கம் இதைக் கொண்டே போகக்கூடாது.

நெளிந்த மூலையை மறைக்க பெயிண்ட் அடித்துவிடலாம் என்று ஒரு பட்டறைக்குப் போனேன். "பிரைமரெல்லாம் எதுக்கு சார், நேரா மேட் பிளாக் அடிச்சிரலாம்" என்றார் பெயிண்டர். நானும் தலையாட்டினேன். பாலிபுரொப்பிலீன் மேல் எதுவும் லேசில் ஒட்டாது. அதற்கென்றே இருக்கும் பிளாஸ்டிக் பிரைமரை முதலில் அடிக்காவிட்டால் பெயிண்ட் சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். அடுத்த வாட்டர் வாஷில் பிரஷர் தண்ணீர் பட்டதும், வெயிலில் கறுத்த முதுகு உரிவதுபோல் பாளம் பாளமாக உரிந்தது.

இப்போது போட்டிருப்பது பிளாஸ்டிக்குக்கென்று வரும் செராமிக் கோட்டிங். சின்ன பாட்டில்தான், என் வண்டியின் கறுப்பு பாகம் அத்தனைக்கும் போதுமானதாக இருந்தது. தத்துவம் பழையதுதான், வெடிப்பை நிரப்புவது. ஆனால் இது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகிக்கொள்வதால், எண்ணெய் மாதிரி மழையில் கழுவிக்கொண்டு போவதில்லை. இதில் பூசும் வேலை கால் பங்கு, சுத்தம் செய்யும் வேலை முக்கால் பங்கு. இரண்டு வருடமாக நான் தேய்த்த எண்ணெய், பாலிஷ், சொரசொரப்பில் சிக்கிக் காய்ந்த வேக்ஸ் எல்லாவற்றையும் எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. உரியாமல் மிச்சமிருந்த பெயிண்டைச் சுரண்டியது தனிக்கதை. ஷாம்பு, பிரஷ், மறுபடி ஷாம்பு. கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பனியன் துணி. துணியில் கறை வருவது நிற்கும்வரை துடைத்தேன். பிறகு நிழலில் நிறுத்தி, பம்பர் தொட்டால் சுடாத நேரத்தில், கையகலப் பகுதி பகுதியாகப் பூசி, ஒரே நிமிடத்தில் மிச்சத்தை ஒற்றி எடுக்க வேண்டும். ஒற்றாமல் விட்டால் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடும். பூசிய பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் காட்டக்கூடாது.

எட்டு மாதம் ஆகிறது. பம்பர், நம்பர் பிளேட் மறைத்திருந்த கறுப்பின் அளவுக்கு வரவில்லை. அதற்கு ஒரு படி கீழே நிற்கிறது. வெயில் நேராக விழும் மேல்விளிம்பில் லேசாக நிறம் மங்கத் தொடங்கியிருக்கிறது. இடப்பக்கக் கண்ணாடிக் கூட்டை மட்டும் வேண்டுமென்றே பூசாமல் விட்டேன், ஒப்பிட்டுப் பார்க்க. மழை பெய்யும்போது இரண்டும் ஒரே கறுப்பு. விட்ட பிறகு ஒன்று மட்டும் வெளுக்கிறது. வண்டியைக் கழுவ வரும் பையன் ஒவ்வொரு வாரமும் அந்தக் கூட்டை மட்டும் கூடுதலாகத் தேய்க்கிறான்.