அடிபட்ட கோழியைப் பிழைக்க வைக்க

பிலாய் எஃகு நகரில் குவார்ட்டர்ஸ் கிடைத்தவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. வீட்டின் பின்புறம் கொஞ்சம் மண் தரை இருக்கும். நம்மவர்களில் பலர் அங்கே முருங்கையும் கறிவேப்பிலையும் வைப்பார்கள். எங்கள் வீட்டில் என் தாயார் கோழி வளர்க்கிறார். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தவர், அப்பா காலமான பின் எங்களோடு வந்துவிட்டார். இந்தி தெரியாது. நானும் மனைவியும் வேலைக்குப் போன பிறகு, அவருக்குப் பேச்சுத் துணை நான்கு பெட்டைக் கோழிகள்தாம்.

சென்ற மார்கழியில் ஒரு மாலை, கம்பி வேலிக்கு அடியில் நுழைந்த தெரு நாய் செவலைப் பெட்டையைக் கவ்விவிட்டது. விரட்டி மீட்பதற்குள் முதுகுத் தோல் கிழிந்து, ஒரு காலும் தொய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இது தேறாது, இப்போதே அறுத்துவிடுங்கள்" என்றார். அம்மாவுக்கு மொழி புரியவில்லை. ஆனால் கைச்சாடை புரிந்தது. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

நான் செய்த முதல் காரியமே தவறு. அலகைப் பிரித்துக் கரண்டியால் தண்ணீர் ஊற்றினேன். கோழி மூச்சுத் திணறிக் கழுத்தை நீட்டியது. அம்மா கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, "அவசரப்படாதேடா, முதல்ல அது பயம் தெளியட்டும்" என்றார். மறுநாள் கால்நடை மருத்துவரிடம் போனபோதுதான், அம்மா அனுபவத்தில் சொன்னதற்குக் காரணம் தெரிந்தது. அவர் விளக்கியதையும் நாங்கள் செய்ததையும் கோழி வளர்க்கும் அன்பர்களுக்காக இங்கே தருகிறேன்.

கோழியின் மூச்சுக்குழல் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருக்கிறது. பலவந்தமாக ஊற்றும் நீர் நேராக அதற்குள் போகக்கூடும். மேலும் நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் கோழிக்குக் கிடையாது. மார்பு அசைந்தால்தான் மூச்சு. ஆகவே இறுக்கிப் பிடிக்கவும் கூடாது.

நாய், பூனை கவ்விய கோழி பல சமயம் காயத்தைவிட அதிர்ச்சியால்தான் சாகிறது. அதன் இயல்பான உடல் சூடு 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். அதிர்ச்சியில் இந்தச் சூடு இறங்கிவிடும். எனவே முதல் மருந்து வெதுவெதுப்பும் இருட்டும் அமைதியும். நாங்கள் ஓர் அட்டைப் பெட்டியில் பழைய புடவையை விரித்து, வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு பக்கமாக வைத்தோம். சூடு அதிகமானால் கோழி மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். இப்போது வீடுகளில் உள்ள எல்.இ.டி. விளக்கு வெளிச்சம் தருமே தவிர, போதிய சூடு தராது.

ரத்தம் பெருகினால் சுத்தமான துணியால் சில நிமிஷங்கள் அழுத்திப் பிடிக்கவேண்டும். பிறகு, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கரைத்துக் காயத்தைக் கழுவலாம். சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரித்தால்தான் எல்லாப் பல் தடங்களும் கண்ணில் படும். மேலே சிறு துளையாகத் தெரிந்தாலும் உள்ளே சதை நசுங்கியிருக்கும். அதன் பின் போவிடோன் அயோடின் மருந்தை வெளிர்ந்த தேநீர் நிறத்துக்கு நீர்த்துத் தடவினோம். ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும். பெட்டிக்குக் கொசுவலை கட்டுங்கள். நாயின் உமிழ்நீர் பட்ட கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். கையில் காயம் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நாம் விழுங்கும் வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. டைக்ளோஃபெனாக் செலுத்திய மாடுகளின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் ஏராளமாக மடிந்ததால்தான், 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. கிருமிக்கொல்லி மருந்தும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். அது கொடுத்தால் அவர் சொல்லும் நாள்வரை முட்டையைச் சாப்பிடக்கூடாது.

பயம் தெளிந்ததும் அகலக் கிண்ணத்தில் நீர் வைத்து, அலகின் நுனியை மட்டும் நனைத்தால் தானே குடிக்கும். அம்மா ஊறிய நொய்யையும் வெந்த முட்டையின் மஞ்சள் கருவையும் உதிர்த்து வைத்தார். மூன்றாம் நாள்தான் செவலை கொத்தத் தொடங்கியது. இரவில் கழுத்தடியில் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். இரவில் நிறைந்து, காலையில் காலியாகியிருந்தால் ஜீரணம் சரி.

ரத்தச் சிவப்பைக் கண்டால் கூட இருக்கும் கோழிகளே கொத்திக் கொன்றுவிடும். காயம் ஆறும்வரை பிரித்து வையுங்கள். பிறகு சில நாள் வலைக்கு அப்பால் ஒன்றையொன்று பார்க்க விட்டு, பொழுது சாயும் நேரத்தில் கூட்டில் சேர்த்தால் சண்டை குறையும்.

காயம் வேறு, நோய் வேறு. வெளிர் பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டால் அது வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். குமாயூன் மலையில் உள்ள ராணிக்கேத் ஊரின் பெயரால் ராணிக்கேத் நோய் என்றும் சொல்வார்கள். வந்தபின் குணப்படுத்தும் மருந்து இல்லை, முன்கூட்டியே தடுப்பூசிதான். பல கோழிகள் திடீரென்று செத்தால் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள். 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது நினைவிருக்கலாம்.

செவலை இன்னும் லேசாக நொண்டுகிறது. தை கழிந்து மாசியில் மறுபடி முட்டையிட்டது. பங்குனியில் பக்கத்து வீட்டுக்காரர், கீரி கடித்த தம் கோழியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து, என்னைத் தாண்டி அம்மாவிடம் நீட்டினார். அம்மா பெட்டியைக் காட்டி, தமக்குத் தெரிந்த ஒரே இந்திச் சொல்லைச் சொன்னார்: "அந்தேரா." இருட்டு என்று பொருள். அதை எப்போது யாரிடம் கற்றுக்கொண்டாரோ!

ஓர் அட்டைப் பெட்டி, பழைய துணி, உப்பு, போவிடோன் அயோடின், அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையின் தொலைபேசி எண் ஆகியவை கோழி வளர்க்கும் வீட்டில் எப்போதும் தயாராக இருக்கட்டும்.