குளம் நிறைந்தால் கிணறு ஊறும்

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியே சென்று காவிரியில் கலப்பது நொய்யல் ஆறு. இதன் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் வாய்க்கால்களே கோவைக் குளங்களுக்கு நீர் கொண்டு வருகின்றன. வாய்க்கால் தூர்ந்தால் குளம் வறளும். குளம் வறண்டால் சுற்றுவட்டாரத் தோட்டத்துக் கிணறுகளும் வறளும்.

இதை உணர்ந்த கோவைத் தொழிலதிபர்கள் பொதுமக்களுடன் சேர்ந்து 2003-ல் 'சிறுதுளி' என்ற லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினர். பிரிக்கால் நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்த வனிதா மோகன் இதன் நிர்வாக அறங்காவலர். கிருஷ்ணாம்பதி முதலிய குளங்கள் தூர் வாரப்பட்டன. 2013-ல் உக்கடம் பெரியகுளத்தைத் தூர் வாரப் பொதுமக்களும் திரண்டு வந்தனர்.

ஆலைக்கும் தோட்டத்துக்கும் நிலத்தடி நீர் ஒன்றே. ஆகவே விவசாயிகளும் தத்தம் ஊர்க் குளத்தைக் கவனிப்பது அவசியம். மழைக்கு முன்பே வாய்க்கால் அடைப்புகளை நீக்க வேண்டும். குளத்து வண்டல் மண்ணை வட்டாட்சியர் அனுமதி பெற்று இலவசமாக எடுக்கலாம். ஏக்கருக்கு நஞ்சைக்கு 75, புஞ்சைக்கு 90 கன மீட்டர் வரை அனுமதி உண்டு. வண்டல் இட்ட மண் ஈரத்தைக் காக்கும், உரச்செலவும் குறையும்.

ஒரு எச்சரிக்கை: சாக்கடையோ சாயக்கழிவோ கலந்த குளத்து மண்ணைப் பரிசோதனை செய்யாமல் நிலத்தில் இடக்கூடாது.